பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மதுக்கடையா? கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டம், திருவாடானை வட்டத்தில் கடலை ஒட்டிய ஒரு சிற்றூர் எங்களுடையது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு அருகே இருந்த மதுக்கடையை இடம் மாற்றவும், அதை ஒட்டியிருந்த பாரின் உரிமத்தை ரத்து செய்ய வைக்கவும் எங்களுக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அதில் ஐந்து மாதம் எங்கள் அறியாமையால் போனது. மகளிர் சுய உதவிக் குழுவின் செயலாளர் என்ற முறையில் எல்லா மனுக்களையும் எழுதியவள் நான். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இதே சிக்கலில் இருக்கும் ஊர்கள் பல. அந்த ஐந்து மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்று எந்த அதிகாரிக்கும் நீங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனை மீட்டர், எந்தத் தேதி, எந்த விதி என்ற மூன்றையும் காகிதத்தில் காட்டுங்கள்.

1. எதைக் கேட்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

எங்கள் முதல் மனுவில் "மதுக்கடையை உடனே மூட வேண்டும்" என்று மட்டும் எழுதினோம். கடை, பார், அனுமதியில்லாத விற்பனை என்ற மூன்றுக்கும் வழி வேறு வேறு என்று அப்போது தெரியாது.

கடை: தமிழ்நாட்டில் 2003 இறுதியிலிருந்து சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆகவே ரத்து செய்யத் தனியார் உரிமம் எதுவும் இல்லை. கடை இருக்கும் இடம் விதிக்குப் புறம்பானது என்று காட்டி, மூடவோ இடம் மாற்றவோ கேட்க வேண்டும். முடிவு மாவட்ட ஆட்சியர் கையில்.

பார்: கடையை ஒட்டிய பாரை டெண்டர் எடுத்த தனியார் நடத்துகிறார். தின்பண்டம் விற்பதும் காலி பாட்டில்களைச் சேகரிப்பதும்தான் அவருக்குக் கிடைத்த உரிமை. மது விற்கும் உரிமை அவருக்கு இல்லை. விதி மீறினால் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கவும், மீறல் தொடர்ந்தால் ரத்து செய்யவும் கேட்கலாம்.

ஓட்டல் பார், மனமகிழ் மன்றம்: இவற்றுக்கு 1981-ஆம் ஆண்டின் உரிம விதிகள் பொருந்தும். மன்றங்களுக்கான எஃப்.எல்.2 உரிமம் உறுப்பினர்களுக்குப் பரிமாற மட்டுமே. வருகிற எல்லாருக்கும் அங்கே ஊற்றிக் கொடுத்தால் அதுவே உரிம மீறல்.

அனுமதியே இல்லாத விற்பனை: பெட்டிக்கடை, கொட்டகை, படகுத்துறை ஓரம் என்று எங்கே நடந்தாலும் இது காவல்துறை விஷயம். ஆட்சியருக்கு மனு எழுதிக் காத்திருக்காதீர்கள். 10581 என்ற கட்டணமில்லாத எண்ணிலும் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவிலும் சொல்லுங்கள்.

நிறுத்திவைப்புக்கும் ரத்துக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். நிறுத்திவைப்பு விசாரணைக் காலத்துக்கானது, விரைவில் வரும். ரத்துக்கு முன் உரிமம் பெற்றவருக்கு விளக்கம் கேட்கும் அறிவிப்பு கொடுத்து, அவர் பதிலையும் கேட்டாக வேண்டும். அதைச் செய்யாமல் போட்ட உத்தரவு நீதிமன்றத்தில் நிற்காது. அதனால் மனுவில் இரண்டையும் கேளுங்கள்: "விசாரணை முடியும் வரை நிறுத்திவைக்கவும், மீறல் உறுதியானால் ரத்து செய்யவும்."

2. தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள்

நாங்கள் தோற்றதும் இங்கேதான், பிறகு வென்றதும் இங்கேதான்.

2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுபானச் சில்லறை விற்பனை விதிகளில் 8-ஆவது விதியைப் படியுங்கள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். நம் கடற்கரையில் ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சிகள், அங்கே 50 மீட்டர்தான். தொண்டி, மண்டபம், சாயல்குடி ஆகியவை பேரூராட்சிகள். அங்கும் தேவிபட்டினம், பாம்பன் போன்ற ஊராட்சிகளிலும் 100 மீட்டர்.

இந்த 100 மீட்டர் எந்த வழியாக என்பதுதான் கேள்வி. முதல் முறை கைப்பேசி வரைபடத்தில் கடைக்கும் பள்ளிக்கும் நடுவே கோடு போட்டு, 82 மீட்டர் என்று எழுதிக் கொடுத்தோம். ஓர் அலுவலகத்தில் மனுவைப் படித்த ஊழியர், "அம்மா, இது மேலே பறந்து போகிற தூரம். ஆள் நடந்து போகிற தூரம் எங்கே?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. கடை வாசலின் நடுவிலிருந்து, மனிதர்கள் வழக்கமாக நடக்கும் மிகக் கிட்டிய பாதை வழியே அளக்க வேண்டும். சுற்றுச்சுவர் இருந்தால் பள்ளியின் மிக அருகிலுள்ள வெளிவாசலின் நடு வரைக்கும், சுவர் இல்லையென்றால் கட்டட வாசலின் நடு வரைக்கும். ஊருணிக் கரையைச் சுற்றிப் பிரதான வாசலுக்கு அளந்தால் எங்களுக்கு 117 மீட்டர் வந்தது. மனு தள்ளுபடி.

மூன்று மாதம் கழித்துத்தான் பள்ளிக்கு இன்னொரு வாசல் இருப்பது எங்கள் நினைவுக்கு வந்தது. கடல் பக்கம், வலை காயப்போடும் திடலைப் பார்த்த சின்ன இரும்புக் கதவு. எங்கள் பிள்ளைகள் தினமும் அதன் வழியாகத்தான் பள்ளிக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். கண் முன்னால் இருந்ததால் அது வாசலாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன், கொத்தனாரிடம் இரவல் வாங்கிய 30 மீட்டர் டேப்போடு ஐந்து பேர் போனோம். டேப் முடியும் இடத்தில் எல்லாம் மணலில் ஓர் ஆப்பு அடித்து, அங்கிருந்து மறுபடியும் பிடித்தோம். இரண்டு முழு டேப், அதற்கு மேல் 14 மீட்டர். மொத்தம் 74 மீட்டர். கணக்கை நோட்டில் எழுதி ஐவரும் கையெழுத்துப் போட்டோம்.

இந்த விதியில் கால் இடறும் இடங்கள் சில:

கோயில் என்றால் இந்து சமய அறநிலையத் துறையில் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். பள்ளிவாசல் வக்ஃபு வாரியப் பதிவில் இருக்க வேண்டும். நம் ஊர்களில் குலதெய்வக் கோயில்கள் பெரும்பாலும் எந்தப் பதிவிலும் இருப்பதில்லை. நூறு ஆண்டுப் பழமையான கோயில் என்று எழுதிப் பயனில்லை, பதிவு எண்ணைக் கேட்பார்கள். தேவாலயம் இருந்தால் பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்குங்கள்.

பள்ளி அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். அங்கன்வாடியை மட்டும் நம்பி மனு எழுத வேண்டாம் என்பது என் கருத்து. அதைத் துணைக் காரணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் பிறகு வந்த பள்ளிக்கோ கோயிலுக்கோ இந்தத் தூர விதி பொருந்தாது. ஆகவே எது முந்தையது என்பதற்கு ஆவணம் தேவை. நகரமைப்பில் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்கும் விலக்கு உண்டு.

கடை நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறதே, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். 15.12.2016 அன்று வந்த அந்தத் தீர்ப்பு 500 மீட்டர் என்றது. 2017 மார்ச் இறுதியில், 20,000 பேருக்கு மேற்படாத உள்ளாட்சிகளுக்கு அது 220 மீட்டராகக் குறைந்தது. பிறகு நகராட்சி எல்லைகளுக்கு விலக்கு வந்தது. 2018 பிப்ரவரியில், எந்த ஊராட்சிகளுக்கு விலக்கு என்பதை மாநில அரசே முடிவு செய்யலாம் என்றானது. கிழக்குக் கடற்கரைச் சாலையோ மதுரை–தனுஷ்கோடி சாலையோ அருகில் இருந்தால் இதையும் மனுவில் சேருங்கள். ஆனால் முதல் காரணமாக வைக்காதீர்கள்.

3. பத்து ரூபாய் செலவில் தகவல் கேளுங்கள்

மனுவுக்கு முன்பே, தகவல் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் கொடுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர் சான்று வைத்தால் அதுவும் வேண்டாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்.

ஒன்று ஆட்சியர் அலுவலகத்தில் உதவி ஆணையர் (கலால்) பிரிவின் பொதுத் தகவல் அலுவலருக்கு. பெயர்ப் பலகையில் "ஆயம்" என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றே. இன்னொன்று டாஸ்மாக் மாவட்ட மேலாளர் அலுவலகத்துக்கு. கேட்க வேண்டியவை: கடை எண்ணும் தற்போதைய இடத்தில் தொடங்கிய தேதியும், இடம் தேர்வு செய்தபோது எடுத்த தூர அளவீட்டு அறிக்கையின் நகல், கட்டட வாடகை ஒப்பந்தத்தின் நகல், பார் உரிம உத்தரவும் அதன் காலமும், இதுவரை வந்த புகார்கள் மீது எடுத்த நடவடிக்கை.

"ஏன் பள்ளி அருகே அனுமதித்தீர்கள்?" என்று எழுதினால் பதில் வராது. அலுவலகத்தில் இருக்கும் காகிதத்தின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பயனில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

வாடகை ஒப்பந்தத்தை விட்டுவிடாதீர்கள். அது முடியும் தேதி தெரிந்தால் கட்டட உரிமையாளரிடம் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசலாம். அவர் புதுப்பிக்க மறுத்துவிட்டால் கடைக்கு வேறு இடம் தேடித்தான் ஆக வேண்டும்.

4. கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கடல் தொழில் ஊர்களுக்கு மே 1 மிகவும் ஏற்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு ஆண்கள் கரையில் இருப்பார்கள். அன்று மதுக்கடைக்கும் விடுமுறை, கூட்டம் அமைதியாக நடக்கும்.

ஆள் எண்ணிக்கையைக் கவனியுங்கள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். குறைந்தால் தீர்மானத்தைச் செல்லாது என்று எளிதில் தள்ளிவிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் எல்லாரும் கையெழுத்திட்டார்களா என்று பாருங்கள்.

தீர்மானத்தைக் கூட்டம் கலைவதற்கு முன்பே பதிவேட்டில் எழுத வையுங்கள். "பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். தீர்மான எண்ணோடு சான்றிட்ட நகலை ஊராட்சிச் செயலரிடம் வாங்குங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலமானால் தனி அலுவலரிடம் கேட்க வேண்டும். தீர்மானம் மட்டும் கடையை மூடிவிடாது. ஆனால் ஐந்தாறு பேரின் கோபம் அல்ல, ஊரின் முடிவு என்பதற்கு அதைவிட வலுவான சான்று கிடையாது. பேரூராட்சியிலும் நகராட்சியிலும் கிராம சபை இல்லை. மன்ற உறுப்பினர் மூலம் மன்றத் தீர்மானத்துக்கு முயலுங்கள்.

5. மனுவும் இணைப்புகளும்

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியிலேயே கடை எண், புல எண், நீங்கள் அளந்த தூரம், விதி எண் நான்கும் வந்துவிட வேண்டும். எங்கள் துயரத்தை முதல் மனுவில் மூன்று பக்கம் எழுதினேன். எழுதியது அத்தனையும் உண்மை, ஆனால் நடவடிக்கை எடுக்க அதில் பிடி எதுவும் இல்லை.

இணைக்க வேண்டியவை: தூர வரைபடம், அரசின் இணையதளத்திலிருந்து எடுத்த புலப்படம், தலைமையாசிரியர் சான்று, தீர்மான நகல், தேதியோடு கூடிய புகைப்படங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைத்த பதில்கள். தலைமையாசிரியர் சான்றில் பள்ளி தொடங்கிய ஆண்டு, பள்ளியின் அரசுப் பதிவு எண்ணான யூடைஸ் எண், எந்தெந்த வாசல்கள் பயன்பாட்டில் உள்ளன என்ற மூன்றும் இருக்கட்டும். இந்தக் கடைசி வரிதான் எங்களைக் காப்பாற்றியது. அந்த இரும்புக் கதவு வாசலே அல்ல என்று எதிர்த்தரப்பு சொன்னபோது அந்தச் சான்றைத்தான் நீட்டினோம்.

திங்கட்கிழமை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ராமேஸ்வரம் பக்கத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போவதால் அன்று ஆண்கள் வருவது கடினம். பெண்களே போங்கள். முப்பது பேர் பஸ் ஏறிப் போக வேண்டாம், நான்கு பேர் போதும். கணினியில் பதிந்து தரும் மனு எண் இல்லாமல் அங்கிருந்து நகராதீர்கள். ஓர் அலுவலகத்தில் மனுவை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு "போங்கள், பார்க்கிறோம்" என்றார்கள். ரசீது இல்லாமல் திரும்பினோம். இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது அப்படி ஒரு மனுவே இல்லை. அதிலிருந்து, நேரில் கொடுத்தாலும் இன்னொரு பிரதியை ஒப்புகை அட்டையுடன் விரைவுத் தபாலில் அனுப்பத் தொடங்கினோம்.

பிரதிகள் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையருக்கும் வருவாய்க் கோட்டாட்சியருக்கும் போகட்டும். சாயல்குடி, வாலிநோக்கம், நரிப்பையூர்க்காரர்கள் கவனிக்கவும்: கடலாடி வட்டம் பரமக்குடி கோட்டத்தில் சேரும். அங்கிருந்து ராமநாதபுரம் கோட்டாட்சியருக்கு எழுதினால் கடிதம் அலைந்து திரும்பும்.

6. பாரின் விதிமீறலுக்கு ஆதாரம்

கடை பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை. 21 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு விற்கக் கூடாது. காலை ஏழு மணிக்கு பாரில் பாட்டில் கை மாறினால், அது கடையில் வாங்கியதாக இருக்க முடியாது. பார் நடத்துபவருக்கு விற்கும் உரிமையும் இல்லை. உரிமத்தை நிறுத்திவைக்க இதைவிடத் தெளிவான காரணம் கிடைக்காது.

ஒரு நோட்டில் தேதி, நேரம், பார்த்தவர் பெயர் எழுதி வாருங்கள். நாங்கள் நாற்பது நாள் எழுதினோம். ஒவ்வொரு முறையும் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். ஒரு ரசீதை வைத்து உரிமம் ரத்தாகாது, ஒன்பது ரசீதுகள் சேர்ந்தபோது அசைந்தது. படம் எடுக்க இரவில் தனியாகப் போகாதீர்கள். பிள்ளைகளை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. எங்கள் இளைஞர்கள் சிலர், வலைத் திடலில் கிடந்த பாட்டில் சில்லில் ஒரு சிறுமியின் பாதம் கிழிந்த அன்று, கடையை நொறுக்கக் கிளம்பினார்கள். அவளுக்கு ஆறு வயது. மணலில் சொட்டுச் சொட்டாக ரத்தம் கதவு வரைக்கும் போயிருந்தது. அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. ஆனாலும் வழியை மறித்து நின்றோம். பொதுச் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கும் சாலை மறியல் வழக்கும் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் சிக்கலாகும். வளைகுடாவுக்கும் கப்பலுக்கும் வேலைக்குப் போக வேண்டிய பையன்கள் அவர்கள். அந்தச் சிறுமியின் மருத்துவச் சீட்டின் நகலை மனுவோடு இணைத்தோம்.

7. தணிக்கைக்கு வரும் நாள்

கலால், வருவாய், டாஸ்மாக் அலுவலர்கள் சேர்ந்து இடத்தைப் பார்க்க வருவார்கள். முன்னறிவிப்பு இல்லாமலும் வரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அடிக்கடி கேட்டு வையுங்கள். அளக்கும்போது உடன் நடங்கள், எந்த வாசலுக்கு அளக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் அளந்ததற்கும் அவர்கள் அளந்ததற்கும் வித்தியாசம் வந்தால் அங்கேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். எங்கள் ஊரில் 76 மீட்டர் என்று பதிந்தார்கள். இரண்டு மீட்டருக்காக நாங்கள் சண்டை போடவில்லை.

8. பதிலே வராவிட்டால்

ஒரு மாதம் பாருங்கள். முதல்வரின் முகவரி 1100 எண்ணில் மனு எண்ணைச் சொல்லி நினைவூட்டுங்கள். அதற்கும் அசைவில்லையென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. நம் மாவட்டம் அதன் எல்லைக்குள் இருக்கிறது. "கடையை மூட உத்தரவிடுங்கள்" என்று நேரே கேட்பதைவிட, "இந்தத் தேதியில் கொடுத்த மனுவை விதிப்படி பரிசீலித்துக் குறித்த காலத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிடுங்கள்" என்று கேட்பது விரைவில் பலன் தரும். நாங்கள் அப்படித்தான் கேட்டோம். ரசீதும் ஒப்புகை அட்டையும் அங்கேதான் உயிர் பெறும்.

வழக்கறிஞர் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ 15100 எண்ணையோ அணுகுங்கள். மனுதாரராக ஒரு பெண்ணின் பெயரைப் போடுவது இதனாலும் நல்லது. எங்களுக்கு ஆன செலவு பெரும்பாலும் பஸ் கட்டணமும் நகல் செலவும்தான். குழுவில் ஆளுக்கு மாதம் இருபது ரூபாய் ஒதுக்கினோம், அதுவே போதுமாக இருந்தது.

9. உத்தரவு கைக்கு வந்த பிறகு

உத்தரவின் நகலை வாங்காமல் கொண்டாடாதீர்கள். நிறுத்திவைப்பா, ரத்தா, இடமாற்றமா, எந்தத் தேதியிலிருந்து என்று வரி வரியாகப் படியுங்கள். நிறுத்திவைப்பு என்றால் அந்தக் காலம் முடியும் நாளைக் குறித்துக்கொண்டு, பத்து நாளைக்கு முன்பே புதிய மனு கொடுங்கள். இல்லையென்றால் சத்தமில்லாமல் மறுபடியும் திறந்துவிடும்.

ரத்தை எதிர்த்து பார் நடத்தியவர் நீதிமன்றம் போகலாம். அப்போது எதிர்மனுதாரர்களாக அதிகாரிகள் மட்டுமே இருப்பார்கள். உங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லி உடனே மனுப் போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நாற்பது நாள் நோட்டை யாரும் அங்கே எடுத்துக் காட்ட மாட்டார்கள்.

இடமாற்றம் என்றால் எங்கே என்று கேளுங்கள். எங்கள் கடைக்கு முதலில் பார்த்த புதிய இடம், பக்கத்துக் குப்பத்தின் தேவாலயத்துக்குப் பின்புறம். அந்த ஊர்ப் பெண்களிடம் நாங்களே போய்ச் சொன்னோம். மறுநாள் காலை டேப்பை எடுத்துக்கொண்டு அவர்களோடு அளந்தோம். 61 மீட்டர் வந்தது. அன்றைக்கே பங்குத்தந்தையின் கடிதத்தோடு அவர்கள் ஆட்சேபம் கொடுத்தார்கள். கடை கடைசியில் ஊர்களை விட்டு விலகிய உப்பளச் சாலைக்குப் போனது.